ஊளையிட்ட கருவியும் உரத்த எம் குரலும்

இசையைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் இனிமையைப் பற்றியே எழுதுவது மரபு. யாம் ஈண்டு எழுதப் போவது இசையின் இன்னாமையைப் பற்றி. மின் கித்தார் ஒன்று மேடையில் ஊளையிட்ட கதை இது. அவ்வூளைக்குக் காரணம் தேடிப் போன கதை. தேடிப் போன இடத்தில் எம் குற்றத்தையே யாம் கண்டுகொண்ட கதை. தமிழ்த்துறை மலரில் மின்கருவிக்கு என்ன வேலை என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. சிலப்பதிகாரமும் சீவக சிந்தாமணியும் இக்கதைக்குள் தாமாகவே வந்து சேரும்.

விழா மேடையில்

பெருந்தொற்றுக் காலத்திற்குச் சில ஆண்டுகள் முன்னர் எம் கல்லூரியில் நடைபெற்ற முத்தமிழ் விழாவில் மேடைப் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கவியரங்கம், பட்டிமன்றம், மெல்லிசை என நிகழ்ச்சிகள் நிரல்படுத்தப் பெற்றிருந்தன. வணிகவியல் இரண்டாமாண்டு பயின்ற மாணவர் ஒருவர், தமிழ்ப் பாடல்கள் இரண்டனுக்குத் தாமே இசையமைத்து, மின் கித்தாரில் வாசிக்க விழைந்தார். முதலில் தயங்கினோம், அவருடைய ஆர்வம் கண்டு இசைந்தோம். பெற்றோரும் உறவினரும் அழைக்கப்பட்ட விழா அது. அரங்கின் நடு வரிசையில் அவருடைய தமக்கையார் அமர்ந்திருந்தார் என்பது எமக்கு அப்போது தெரியாது.

மாணவர் மேடையேறினார், கம்பியைச் சேர்த்தார், ஒலியைக் கூட்டினார். அவ்வளவே. எங்கிருந்தோ ஓர் ஊளை கிளம்பிற்று. முதலில் அடிவயிற்றிலிருந்து எழுவது போன்று இருந்தது. பின்னர் மெலிந்து, கூர்ந்து, செவியைத் துளைத்தது. சிறப்பு விருந்தினர் காதுகளைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையினர் சீழ்க்கையடித்தனர். எமக்குச் சினம் தலைக்கேறியது. அருகிலிருந்த ஒலிவாங்கியைப் பற்றி, "தம்பி! இது தமிழ் விழா. உன் இரும்புக் கம்பிக்கு இங்கே இடமில்லை. இறங்கு!" என்றோம். யாம் சொன்னது ஒலிபெருக்கியின் வழியே அரங்கம் முழுதும் கேட்டது. அரங்கம் சிரித்தது. அவர் ஒரு சொல்லும் மறுமொழி கூறாமல் கருவியை உறையிலிட்டு இறங்கிச் சென்றார்.

கால் மணி நேரம் சென்றிருக்கும். கவியரங்கம் தொடங்கிற்று. இரண்டாம் கவிஞர் எழுந்து குரலை உயர்த்தியதுதான் தாமதம், மீண்டும் அதே போன்றதோர் ஊளை. கவிஞர் பதறி ஒலிவாங்கியின் தலையைக் கையால் பொத்தினார். ஊளை தணிவதற்கு மாறாகப் பெருகிற்று. மைக்செட்காரர் ஓடிவந்து ஏதோ ஒரு திருகைக் குறைத்தார். அடங்கிற்று. யாம் கவிஞரிடம் சென்று, "பொறுத்தருள்க" என்று வேண்டிக்கொண்டோம்.

அப்போது மேடையில் கித்தார் இல்லை. அந்த உண்மை எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. எனினும் விழா நடந்தேற வேண்டும் என்னும் பரபரப்பில் அம்முள்ளைப் பிடுங்கிப் பார்க்க யாம் முயலவில்லை.

தமக்கையின் வினா

மூன்று கிழமைகள் கழிந்தன. அம்மாணவரின் வகுப்புத் தோழர் ஒருவர் எம்மிடம், "ஐயா, அவன் கித்தாரை விற்கப் போகிறானாம்" என்றார். மேலும் வினவியபோதுதான் செய்தி முழுதும் தெரிந்தது. தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் துணிக்கடை ஒன்றில் பணிபுரியும் தமக்கையார் மாதந்தோறும் சேமித்த பணத்தில், யாரோ பயன்படுத்திய பழைய கித்தாரையும் சிறியதோர் ஆம்பிளிஃபயரையும் தம்பிக்கு வாங்கித் தந்திருக்கிறார். விழா நாளன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். கேட்டது, தம்பியின் பாட்டன்று, எம் ஏச்சு.

அன்று மாலையே மாம்பலம் இரயில் நிலையத்தை ஒட்டிய அவர்களுடைய இல்லத்திற்குச் சென்றோம். மாணவர் எழுந்து நின்று, "விடுங்கள் ஐயா, அது எனக்கு வராது" என்றார். தமக்கையார் தேநீர் தந்தார். பின்னர் அமைதியாக ஒன்று கேட்டார்: "ஐயா, கருவி கெட்டதா, இவன் வாசித்தது கெட்டதா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள். கருவி கெட்டதென்றால் விற்றவரிடம் கேட்கலாம். இவனுக்கு வராதென்றால் விட்டுவிடலாம்."

முப்பதாண்டுகள் வினாத்தாள் எடுத்த எமக்கு அவ்வினாவிற்கு விடை தெரியவில்லை. விடை தெரியாமலே தீர்ப்பு மட்டும் வழங்கியிருக்கிறோம் என்பது அக்கணத்தில் விளங்கிற்று. "ஞாயிற்றுக்கிழமை கருவியை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வா, தம்பி; தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்லி விடைபெற்றோம்.

மயிலாப்பூர்ப் பெரியவர்

மயிலாப்பூரில் லஸ் முனைக்கு அருகில் ஒரு சந்தில் எமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். மார்கழித் திங்கள்தோறும் சபாக்களில் ஒலிவாங்கி அமைத்தே வாழ்நாளைக் கழித்தவர். ஒலிவாங்கி வருமுன் நாடக மேடையில் உச்சக் குரல் உடையோரே நிலைத்தனர். அது வந்த பின்னரே மென்குரலுக்கும் வீணைக்கும் பேரரங்கில் வாழ்வு கிடைத்தது என்று அடிக்கடி சொல்வார். கருநாடக இசைக்கும் மின்கருவிக்கும் ஒவ்வாது என்பாரை அவர் ஒப்புவதில்லை. 1969-இல் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், 1981-இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் மின் மாண்டலினை வாசித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. மாண்டலினின் ஒலி மீட்டியவுடன் தேய்ந்துவிடுவது. கமகமோ நீடித்த ஒலியை வேண்டி நிற்பது. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட அக்கருவியை ஐந்து ஒற்றைக் கம்பிகள் உடையதாக்கி, மின்சாரத்தின் துணையால் ஒலியை நீளச் செய்து அக்குறையை வென்றார் அவர். 2014 செப்டம்பரில் சென்னையில் அவர் மறைந்தபோது, அக்கருவியை அந்நியம் என்று சொல்வார் எவரும் இலர். மின் கித்தாரிலேயே கருநாடக இசை வாசித்த சுகுமார் பிரசாத்தும், அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் பயின்று கித்தாருக்கே தம்மை ஒப்படைத்த பிரசன்னாவும் இந்நகர் அறிந்தவர்களே. இவையெல்லாம் பெரியவர் சொல்ல அன்று யாம் கேட்டவை. எம் நெஞ்சு சுட்டது. "இரும்புக் கம்பிக்கு இடமில்லை" என்று சொன்ன ஊரிலேயே இத்தனை வரலாறு இருந்திருக்கிறது.

பெரியவர் கருவியைத் தொடுமுன் எம்மை நோக்கி, "ஊளை எப்படி இருந்தது, சார்? தடித்ததா, மெலிந்ததா? கம்பியைப் பிடித்தால் நின்றதா, நிற்கவில்லையா?" என்றார்.

இமிழ்தல், முரல்தல், கறங்குதல், ஆர்த்தல், அதிர்தல், முழங்குதல் என ஒலிக்கு எத்தனையோ சொற்கள் தமிழில் உண்டு என்று வகுப்பில் அடுக்கிக் காட்டியவர்கள் யாம். ஆயினும் அன்று மேடையில் எழுந்த ஒலி எத்தகையது என்று எம்மால் சொல்ல இயலவில்லை. யாம் அதனைக் கேட்கவேயில்லை, சினந்தோம், அவ்வளவே. மாணவரோ உடனே விடையிறுத்தார்: "முதலில் தடித்தது வந்தது, கையை வைத்ததும் நின்றது. பிறகு மெலிந்தது வந்தது. கையை வைத்தும் நிற்கவில்லை. அதற்குள் ஐயா இறங்கச் சொல்லிவிட்டார்."

"அப்படியென்றால் இரண்டு நோய். ஒரே மருந்து கிடையாது" என்றார் பெரியவர்.

ஊளையின் பிறப்பு

அவர் விளக்கியதை எமக்குத் தெரிந்த தமிழில் தருகிறோம். மின் கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி ஏழெட்டாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அதற்குப் பிக்கப் என்று பெயர். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் நெறிப்படி, எஃகுக் கம்பி அதிரும்போது அச்சுற்றுகளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனை ஆம்பிளிஃபயர் பன்மடங்காக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஒலிபெருக்கியிலிருந்து எழும் ஒலி, காற்றின் வழியே வந்து மீண்டும் அதே கம்பியை அசைக்கிறது. அசைவு மீண்டும் மின்னோட்டமாகிறது, மீண்டும் பெருகுகிறது. இவ்வட்டத்தை ஒருமுறை சுற்றிவருவதற்குள் ஒலி இழந்ததைவிடப் பெற்றது மிகுமாயின், திரும்பி வரும் அலை முன்னைய அலையோடு ஏற்றத்திற்கு ஏற்றமாக இயையுமாயின், தொடுவார் இன்றியே ஒலி தானே வளரும். அதுவே ஊளை. டென்மார்க்கு நாட்டு இயற்பியலார் சோரன் அப்சலோன் லார்சன் (1871–1957) பெயரால் இதனை லார்சன் விளைவு என்பர்.

1930-களில் உள்ளீடற்ற மரப்பெட்டிக் கித்தாரில் பிக்கப் பொருத்தியவர்கள் இத்தொல்லையைப் பெரிதும் பட்டனர். பெட்டி தானும் சேர்ந்து அதிர்வதே காரணம். 1950-இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் திண்மரக் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது, முற்றும் ஒழியவில்லை. "ஊளையையே இசையாக்கியவர்களும் உண்டு, ஐயா" என்று மாணவர் முதன்முறையாக வாய் திறந்தார். 1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் தம் பாட்டு ஒன்றை அவ்வொலியோடு தொடங்கியதையும், 1960-களின் இறுதியில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதனைப் பழக்கிய குதிரை போல் செலுத்தியதையும் அவர் கண்கள் ஒளிர எடுத்துரைத்தார். மூன்று கிழமைகளாக அவர் முகத்தில் காணாத ஒளி அது.

நான்கு சோதனைகள்

பெரியவர் கருவியைத் தம் அறையில் இருந்த ஆம்பிளிஃபயரோடு இணைத்தார். மெல்லிய முரலோசை கேட்டது. கித்தாரில் உள்ள ஒலித் திருகை முழுதும் குறைத்தார், முரல் நின்றது. "நிற்காவிட்டால் குற்றம் ஆம்பிளிஃபயரிலோ கேபிளிலோ இருக்கும். நின்றதால் கித்தாரின் வழியாகத்தான் வருகிறது" என்றார். இது முதற் சோதனை.

அடுத்து, ஒலியைக் கூட்டி, கருவியோடு மாணவரை மெல்லச் சுற்றித் திரும்பச் சொன்னார். ஒரு திசையில் முரல் பெருகியது. வேறொரு திசையில் ஏறத்தாழ மறைந்தது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. டிரான்ஸ்ஃபார்மர், குழல்விளக்கு முதலியவற்றிலிருந்து பரவும் அவ்வலைவை ஒற்றைச் சுருள் பிக்கப் உள்வாங்கிக்கொள்கிறது. எதிரெதிராக அமைந்த இரு சுருள்களைக் கொண்டு இம்முரலைத் தம்முள் அழித்துக்கொள்ளும் பிக்கப்பை 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கினார். "இது முரல், ஊளையன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணித்தான் பலர் வேண்டாத பொருளையெல்லாம் வாங்குகிறார்கள்" என்றார் பெரியவர்.

இவ்விடத்தில் அவர் கை சட்டென்று நின்றது. மாணவர் கொண்டுவந்திருந்த ஆம்பிளிஃபயரின் மின்செருகியைத் தூக்கிப் பார்த்தார். மூன்று முனைகளுள் எர்த் முனை ஒடிக்கப்பட்டிருந்தது. "இதை யார் செய்தது?" என்றார். முரலைக் குறைக்கும் என்று நண்பர் ஒருவர் ஒடித்துத் தந்ததாக மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுவரை பொறுமையே வடிவாக இருந்தவர் சினந்தார். 1972-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்டோன் த குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்சு நாட்டு சுவான்சி நகர மேடையில், எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து மாண்டதைச் சொன்னார். "ஊளையால் யாரும் சாவதில்லை, தம்பி. இதனால் சாவார்கள்" என்று கூறி, அப்பொழுதே புதிய செருகியைப் பொருத்தினார். யாமும் அம்மேடையில் அவருக்கு அருகில் ஒலிவாங்கியைப் பற்றி நின்றோம் என்பது நினைவுக்கு வர, எம் உடல் சிலிர்த்தது.

மூன்றாம் சோதனை தடித்த ஊளைக்கு உரியது. மாணவரை ஆம்பிளிஃபயருக்கு நேர் எதிரே, கம்பியைத் தொடாமல் நிற்கச் செய்து ஒலியைக் கூட்டினார். கம்பி தானே அதிரத் தொடங்கி ஊளை எழுந்தது. உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைக்கச் சொன்னார், அடங்கிற்று. கையை எடுத்து, இரண்டடி விலகி, ஒலிபெருக்கியின் நேர்நோக்கிலிருந்து ஒதுங்கி நிற்கச் சொன்னார். இப்போது கையை எடுத்தும் ஊளை எழவில்லை. வெட்டவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. எனினும் இரண்டடி விலகலும் சிறிது திரும்பலும் செய்யும் உதவியை விலையுயர்ந்த எக்கருவியும் செய்வதில்லை. இரைச்சலைத் தடுக்கும் நாய்ஸ் கேட் என்னும் கருவியும் வாசிக்காத இடைவெளியில் வாயை மூடுமேயன்றி, வாசிக்கும்போது எழும் ஊளையை நிறுத்தாது.

நான்காம் சோதனை மெலிந்த கீச்சொலிக்கு. ஒலியை முரடாக்கும் மிதிகருவியை இயக்கியதும் கீச்சொலி எழுந்தது. கம்பிகளைக் கையால் அழுத்தியும் நிற்கவில்லை. பெரியவர் ஒரு பென்சிலை எடுத்துப் பிக்கப்பின் மேல் மெல்லத் தட்டினார். தட்டிய ஓசை, ஒலிவாங்கியில் தட்டியது போல், ஒலிபெருக்கியில் 'டக் டக்' என்று கேட்டது. "இதுதான் கருவியின் குற்றம். உள்ளே சுற்றிய கம்பி தளர்ந்திருக்கிறது. அது பிக்கப்பாக இல்லை, மைக்காக மாறிவிட்டது" என்றார்.

மருந்து எளியது. நாட்டு மருந்துக் கடையில் சிறிது தேன்மெழுகு வாங்கிவரச் செய்தார். நான்கு பங்கு பாரஃபின் மெழுகில் ஒரு பங்கு தேன்மெழுகைச் சேர்த்தார். மெழுகு தீப்பற்றக்கூடியது ஆதலின் அடுப்பில் நேரே வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்கினார். வெப்பம் 65 பாகை அளவில் இருக்க வேண்டும். மிகுந்தால் சுருள் சுற்றிய பிளாஸ்டிக் சட்டம் கோணிவிடும். கழற்றிய பிக்கப்பை அதில் அமிழ்த்தினார். காற்றுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் குமிழிகள் நின்றன. எடுத்துத் துடைத்து, ஆறவைத்து, பொருத்தி, மீண்டும் பென்சிலால் தட்டினார். ஓசை பெரிதும் ஒடுங்கியிருந்தது, கீச்சொலியும் எழவில்லை. மெழுகுக்கும் செருகிக்கும் உரிய காசை மட்டும் பெற்றுக்கொண்டார்.

"அப்படியானால் கவியரங்கத்தில் எழுந்த ஊளை?" என்று கேட்டோம். மேடை அமைப்பைத் தாளில் வரையச் சொன்னார். ஒலிபெருக்கிகள் மேடையின் பின்பக்கத்து மூலைகளில், ஒலிவாங்கிகளுக்குப் பின்னால் நின்றிருந்ததை வரைந்தோம். கவியரங்க மேசையில் எட்டு ஒலிவாங்கிகள் வைத்திருந்தோம். ஒருவர் பேசும்போதும் எட்டும் திறந்தே இருந்தன. திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இருமடங்காகும் ஒவ்வொரு முறையும், ஊளையின்றி உயர்த்தக்கூடிய ஒலியின் அளவு 3 டெசிபெல் குறையும். ஒன்றுக்கு எட்டு என்றால் 9 டெசிபெல் குறைவு. "கவிஞர் கையால் பொத்தினாரே, ஏன் பெருகிற்று?" என்றோம். மேடை ஒலிவாங்கிகளிற் பல, முன்னால் வரும் ஒலியை ஏற்று, பின்னால் வருவதைத் தள்ளும் வகையில் அமைந்தவை. தலையின் பின்புறத் துளைகளை மூடிவிட்டால் அத்தன்மை கெட்டு, எல்லாத் திசையிலிருந்தும் வாங்கத் தொடங்கும். ஊளையை அடக்க மனிதர் இயல்பாகச் செய்யும் செயலே ஊளையை வளர்க்கிறது.

அதன்பின் அவர் சொன்னதை யாம் மறக்கவில்லை. "ஊளை எந்த ஒரு பொருளுக்கும் சொந்தமில்லை, சார். அது வட்டத்துக்குச் சொந்தம். வட்டத்தை எங்கே வெட்டினால் நல்லது என்று பார்க்க வேண்டும். திரும்பி நிற்கலாம், விலகலாம், குறைக்கலாம், மெழுகு ஊற்றலாம். நீங்கள் பையனையே வெட்டிவிட்டீர்கள்."

அடையாற்றில் கண்ட விடை

மறுவாரம், 1943-இல் தோன்றி இன்று பெசன்ட் நகரில் விளங்கும் டாக்டர் உ.வே.சா. நூல்நிலையத்திற்குச் சென்றோம். 1887-இல் ஐயரவர்கள் பதிப்பித்த சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் புதிய கண்ணோடு படித்தோம். யாழ்ப்போருக்கு வந்த சீவகன், கொடுத்த யாழை வாங்கியவுடன் வாசித்துவிடவில்லை. இது நீரில் நின்ற மரம், இது இடியுண்ட மரம் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டு ஒதுக்கினான். நரம்பினுள் கலந்திருந்த மயிரையும் பிரித்துக் காட்டினான். பலமுறை பாடம் சொன்ன பகுதிதான். அதனைச் சீவகனின் புலமைக்குச் சான்றாகவே இதுவரை விளக்கி வந்தோம். கருவியின் குற்றம் வேறு, கலைஞனின் குற்றம் வேறு என்று பிரித்தறியும் நடுவுநிலை அதனுள் இருப்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அவ்வாறே. மாதவி ஆடிய அரங்கு எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையது என அளந்து கூறும் இளங்கோவடிகள், கருவியாளர் தத்தம் முறைப்படி நின்றதையும் குறிக்கத் தவறவில்லை. யார் எங்கே நிற்பது என்பதும் கலையின் ஒரு பகுதி. மேடைப் பொறுப்பை ஏற்றிருந்த யாம் அதனைப் படித்திருந்தோம், பின்பற்றவில்லை.

இவ்வூளைக்கு ஆங்கிலத்தார் வழங்கும் ஃபீட்பேக் என்னும் சொல்லைத் தமிழில் பின்னூட்டம் என்கிறோம். மாணவர் ஆசிரியரைப் பற்றி எழுதித் தரும் படிவத்திற்கும் அதே பெயர். பின்னூட்டம் எல்லாம் ஊளையாகிவிடுவதில்லை. 1927-இல் ஹெரால்டு பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர், வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கித் தொடக்கத்திற்கே திருப்பி அனுப்பினால், ஆம்பிளிஃபயர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்று கண்டார். தன்னோடு ஒத்து வருவதையே மேலும் மேலும் ஏற்கும் வட்டம் ஊளையிடும். தன்னை மறுத்து வருவதையும் சிறிது ஏற்கும் வட்டம் தெளிவாகப் பேசும். வகுப்பறையில் எம் குரலையே எம் மாணவர் வாயிலாகத் திரும்பக் கேட்டு மகிழ்ந்திருந்த எமக்கு, தியாகராய நகர்த் தமக்கையாரின் வினா அத்தகைய மறுப்பாய் வந்து சேர்ந்தது.

மறுவாண்டு

மறுவாண்டு முத்தமிழ் விழாவிலும் மேடைப் பொறுப்பை யாமே கேட்டு வாங்கினோம். ஒலிபெருக்கிகளை ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நகர்த்தினோம். பேசுபவரின் ஒலிவாங்கியைத் தவிர ஏனையவற்றை மூடச் சொன்னோம். கித்தாரின் ஆம்பிளிஃபயரை மேடையின் ஓரத்தில், மாணவரின் பக்கவாட்டில் இருக்குமாறு வைத்தோம். அவர் வாசிக்குமுன் ஒலிவாங்கியின் முன் நின்று, "சென்ற ஆண்டு இதே மேடையில் இத்தம்பியை இறங்கச் சொன்னோம். அன்று ஊளைக்குக் காரணம் சிறிது இவருடைய கருவி. சிறிது இவர் நின்ற இடம். பெரிதும் யாம் அமைத்த மேடை. குற்றத்தை ஆராயாமல் தண்டித்தது எம் பிழை. அரங்கறியச் செய்த பிழைக்கு அரங்கறியவே வருந்துகிறோம்" என்றோம். மன்னிப்பைத் தனியே அவர் இல்லத்திலேயே கேட்டிருக்கலாம் என்று நண்பர் சிலர் பின்னர் கூறினர். ஏசியது ஒலிபெருக்கியில், இறைஞ்சுவது மட்டும் காதோடு காதாகவோ?

மாணவர் வாசித்தார். இரண்டாம் பாடலின் நடுவில், நீண்டு ஒலித்த ஒரு சுரம் மெல்லத் தடிக்கத் தொடங்கிற்று. எம் நெஞ்சு படபடத்தது. கால் தானாகவே மேடையை நோக்கி நகர்ந்தது. அவர் எம்மைப் பார்க்கவில்லை. இடக்காலை ஓரடி பின்னே வைத்து, உடலைச் சற்றே திருப்பினார். ஒலி தெளிந்தது. பாட்டு தொடர்ந்தது.

அரங்கின் நடு வரிசையில் தமக்கையார் அமர்ந்திருந்தார். இம்முறை யாம் அவரைக் கண்டோம். பாடல் முடிந்து அரங்கம் கைதட்டியபோது அவர் கைதட்டவில்லை. மடியில் வைத்திருந்த கித்தார் உறையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட வினாவிற்கு யாம் தர வேண்டிய விடையை, ஓராண்டு தாழ்ந்து, அவருடைய தம்பியே தந்துவிட்டார்.